இரண்டில் ஒன்றைத் தொடவும்

(கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீடு. இரவு எட்டு மணி.)

மகேஷ்: பெரியம்மா, வாசலுக்கே வந்துவிட்டது. முன்கதவைத் திறந்துகொண்டு ஓடுவதா, பின்பக்க ஜன்னல் வழியாகக் குதிப்பதா? சீக்கிரம் சொல்லுங்கள், பத்து விநாடிதான் இருக்கிறது.

பெரியம்மா: இரண்டும் வேண்டாம், கதவைத் தாழிட்டுவிட்டு அசையாமல் உட்கார். கொல்லையில் எண்ணெய் டின்னை மூடாமல் வைத்துவிட்டேன், அந்த வாசனைக்குத்தான் வந்திருக்கும். பிள்ளையார் கோயில் விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டு, போகிற வழியில் சத்துணவுக் கூடத்துக் கதவையும் பெயர்த்துப் போட்டது இதே கரடியாகத்தான் இருக்க வேண்டும்.

மகேஷ்: கரடி இல்லை பெரியம்மா, ஜாம்பி.

பெரியம்மா: அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்களா? யானைக்குத்தான் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். இனி கரடிக்கும் பெயர் வைத்து, அது வரும் பாதையைப் பார்த்தபடி அறை கட்டி, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகைக்கும் விடுவார்கள்.

மகேஷ்: போங்கள், நேரம் முடிந்துவிட்டது. நான் எதையும் தொடாததால் படமே ஜன்னலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. கதாநாயகன் குதித்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான்.

பெரியம்மா: படமா? நான் மூச்சை அடக்கிக்கொண்டு விறகுக்கட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன், நீ படம் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

மகேஷ்: இது சாதாரணப் படம் இல்லை. செத்தவர்கள் எழுந்து வந்து, உயிரோடு இருப்பவர்களைக் கடிப்பார்கள்; கடிபட்டவரும் சிறிது நேரத்தில் அப்படியே ஆகிவிடுவார். நடுநடுவே படம் நின்று, அடுத்து என்ன செய்யலாம் என்று நம்மைக் கேட்கும். திரையில் வரும் இரண்டு பொத்தான்களில் எதைத் தொடுகிறோமோ அந்த வழியில் கதை போகும். அவன் உயிர் பார்ப்பவர் கையில்தான் இருக்கிறது.

பெரியம்மா: நீ சொல்லாவிட்டாலும் அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்றால், உன்னை எதற்குக் கேட்டது?

மகேஷ்: நமக்கும் அதில் பங்கு இருப்பதாகத் தோன்ற வேண்டும் அல்லவா?

பெரியம்மா: கதவைச் சாத்துவதற்கு ஒரு பொத்தான் இருந்ததா?

மகேஷ்: இல்லை. திறப்பது, குதிப்பது, இரண்டுதான்.

பெரியம்மா: வெளியே மிருகம் நிற்கும்போது கதவைச் சாத்த வேண்டும் என்பது இங்கே அங்கன்வாடிக் குழந்தைக்கும் தெரியும். படம் எடுத்தவர் சமவெளிக்காரராக இருப்பார்.

(பெரியம்மாவைப் பொறுத்தவரை மேட்டுப்பாளையத்தில் தொடங்கி உலகம் முழுவதும் சமவெளிதான். மகேஷின் கோயம்புத்தூரும் அதில் சேர்த்தி.)

மகேஷ்: இதோ, அடுத்தது. கூட வந்த நண்பனின் கையைக் கடித்துவிட்டது. அவனைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

பெரியம்மா: முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்.

மகேஷ்: அதற்குப் பொத்தான் இல்லை, பெரியம்மா.

பெரியம்மா: அரசு மருத்துவமனைக்குப் போவதற்கு?

மகேஷ்: அதற்கும் இல்லை.

பெரியம்மா: கடித்தால் கழுவ வேண்டும், அன்றே ஊசி போட வேண்டும், பிறகு 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் மறக்காமல் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். பேருந்து நிலையத்து நாய் கடித்தபோது உன் பெரியப்பாவுக்கு அப்படித்தான் போட்டார்கள். அந்த மனிதர் கடிபடுவதற்கு முன்பிருந்தே எல்லோரையும் கடித்துக்கொண்டிருந்தவர் என்பது வேறு விஷயம்.

மகேஷ்: இது நாய்க்கடி இல்லை. இந்தக் கடிக்கு உலகத்தில் யாரும் மருந்தே கண்டுபிடிக்கவில்லை.

பெரியம்மா: நாய்க்கடிக்கும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் மருந்து கிடையாது. கடிபட்டவர்கள் வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலி வரைக்கும் ரயில் ஏறிப் போக வேண்டியிருந்தது. போய்ச் சேரும் வரை நோய் காத்திருக்குமா என்று யோசித்துத்தான் 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையத்தைத் தொடங்கினார்கள். உன் படத்தில் ஊருக்கு ஊர் கடித்துக் குதறி உலகமே அழிந்துகொண்டிருக்கிறது, ஒருவருக்காவது குன்னூருக்குப் பேருந்து ஏறலாம் என்று தோன்றவில்லையே.

மகேஷ்: கதை நடப்பது வெளிநாட்டில்.

பெரியம்மா: அங்கே சோப்பு கிடைக்காதா?

மகேஷ்: சரி, நண்பனை விட்டுவிட்டுப் போவதைத் தொட்டுவிட்டேன்.

பெரியம்மா: அடப்பாவி! பெற்ற தாய்க்கு யார் பதில் சொல்வது?

மகேஷ்: அவன் இனி மனிதன் இல்லை, பெரியம்மா, ஜாம்பி. இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. எங்கள் கல்லூரியில் பாடமாகச் சொன்னார்கள். இது ஹைட்டி நாட்டிலிருந்து வந்த நம்பிக்கை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த அந்த மக்களிடம், செத்த பிறகும் மந்திரம் போட்டு எழுப்பிச் சம்பளமே இல்லாமல் வேலை வாங்குவார்கள் என்ற அச்சம் இருந்தது. அந்த ஜாம்பி யாரையும் கடிக்காது, சொன்ன வேலையைச் செய்யும், அவ்வளவுதான். 1968-இல் ஓர் அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. செத்தவர் எழுந்து வந்து மனிதரைத் தின்பது என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது.

பெரியம்மா: சம்பளம் கேட்காது, விடுப்புக் கேட்காது, மழைக்கோட்டுக் கேட்காது, கடிக்கவும் கடிக்காது. கண்ணு, இதை எந்த எஸ்டேட்காரர் காதிலும் போட்டுவிடாதே.

மகேஷ்: நீங்கள் எதைச் சொன்னாலும் தோட்டத்துக்கே கொண்டுபோய் விடுகிறீர்கள்.

பெரியம்மா: கரும்புத் தோட்டத்தைக் கொண்டுவந்தது நீதானே? சரி, இவை மலை ஏறி வருமா?

மகேஷ்: கூட்டமாக வந்தால் ஏறும்.

பெரியம்மா: மலைக்கு வரும் வண்டிகளிடம் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்பார்களே!

மகேஷ்: ஜாம்பிக்கு எப்படி இ-பாஸ் கிடைக்கும்?

பெரியம்மா: விண்ணப்பித்தால் கிடைத்துவிடும், அதுதான் என் பயம். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது; நீலகிரிக்குள் வந்த அத்தனை வண்டியும் நம் வாசலில்தான் நிற்பதுபோல இருந்தது. பத்து மீட்டர் நகர்வதற்கு அரை மணி நேரம், இறங்கிய இடத்தில் எல்லாம் குப்பை, காட்டெருமையைக் கண்டால் அதன் கொம்புக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி. உன் ஜாம்பியாவது செல்ஃபி எடுக்காது.

(இந்த இடத்தில் பெரியம்மா சற்று நேரம் சுற்றுலாப் பயணிகளைப் பற்றியே பேசினார். நியாயமாகத்தான் பேசினார், ஆனால் மகேஷின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்ததால் அதை விட்டுவிடுகிறேன்.)

மகேஷ்: பெரியம்மா, இதுதான் முக்கியமான கட்டம். நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். மரத்தில் ஏறுவதா, அங்கே நிற்கும் லாரிக்குள் புகுவதா?

பெரியம்மா: கரடியாக இருந்தால் மரம் உதவாது, நம்மைவிட வேகமாக ஏறும். இவன் ஏறுவானா?

மகேஷ்: நேராக நடப்பதே தள்ளாட்டம்தான். மரமெல்லாம் ஏறத் தெரியாது.

பெரியம்மா: அப்படியானால் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? மரத்தைத் தொடு.

மகேஷ்: தொட்டுவிட்டேன். ஏறுகிறான், ஏறுகிறான்... ஐயோ, கிளை முறிந்துவிட்டது. கீழே விழுந்து, உருண்டு, லாரிக்குள் புகுந்துவிட்டான்.

பெரியம்மா: லாரிக்குள்ளா? நான் மரத்தைத்தானே சொன்னேன்? மறுபடியும் பின்னால் போய் லாரியைத் தொடு, பார்க்கலாம்.

மகேஷ்: இதோ. லாரிக்குள் ஏறிவிட்டான். அவ்வளவுதான், அதே காட்சி.

பெரியம்மா: சட்டையில் கிழிசல்கூட இருக்கிறது, பார். மரத்திலேயே ஏறாதவனுக்குச் சட்டை எப்படிக் கிழிந்தது?

மகேஷ்: அது ஒரே முறை எடுத்த காட்சி, இரண்டு வழிக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அவர்கள் பாட்டையும் நாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வழி என்றால், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பத்துக் கேள்விகள் கேட்டு முடிப்பதற்குள் 1,024 முடிவுகளைப் படம்பிடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? அதனால் கொஞ்ச தூரம் பிரித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் ஒரே பாதையில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

பெரியம்மா: முடியாது என்றால் கேட்காமல் இருக்க வேண்டும்.

மகேஷ்: கேட்பதுதான் பெரியம்மா விளையாட்டே. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1967-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக்காரர்கள் இப்படி ஒரு படத்தைத் திரையிட்டார்கள். இருக்கைதோறும் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வைத்திருந்தார்கள். நடுவில் படத்தை நிறுத்திவிட்டு ஒருவர் மேடைக்கு வந்து கேட்பார், அரங்கத்தில் இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கதை சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்துவிடும், கடைசியில் கட்டடம் தீப்பிடித்து எரியும். வாக்களிக்கிறவர்களைப் பற்றிய கேலியாகவே அதை எடுத்தார்களாம். அந்தத் தீயைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள்.

பெரியம்மா: தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள் அல்லவா? அவர்கள் நாணயமானவர்கள். உன் படம் அவனுடைய உயிர் உன் கையில் இருக்கிறது என்று சொல்லித்தானே உன்னை உட்கார வைத்தது?

மகேஷ்: ஒரு படத்துக்காக இவ்வளவு கோபப்படுவானேன்?

பெரியம்மா: எங்களையும்தான் கேட்கிறார்கள், கண்ணு. கொழுந்தை இந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறாயா, அந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறாயா என்று இரண்டு பொத்தான். பறித்த அன்றே கொடுக்காவிட்டால் கொழுந்து வாடிச் சூடேறிப் பயனற்றுப் போகும் என்பதால், விலை ஏறட்டும் என்று வைத்திருப்பதற்குப் பொத்தான் இல்லை. எடை போடும்போது விலையைச் சொல்ல மாட்டார்கள். மாதம் முடிந்த பிறகுதான் கிலோவுக்கு இவ்வளவு என்று தெரியவரும், அதுவும் எங்கே கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டால், உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே அம்மா, நீங்களாகத்தானே இங்கே கொண்டுவந்தீர்கள் என்பார்கள். நீயும் நாளைக்கு அந்த நண்பனின் தாயிடம் அதைத்தான் சொல்லப்போகிறாய்.

மகேஷ்: நான் என்ன செய்ய முடியும்? இரண்டில் ஒன்றைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்? பாருங்கள், கதாநாயகனும் செத்துவிட்டான். மீண்டும் தொடங்கலாமா, முதலிலிருந்து பார்க்கலாமா என்று கேட்கிறது.

பெரியம்மா: இரண்டும் ஒன்றுதானே?

மகேஷ்: ஒன்றுதான்.

பெரியம்மா: சரி, அதை வைத்துவிட்டு எழுந்து வா. குளிர் ஏறிவிட்டது. டீ வேண்டுமா, காபி வேண்டுமா?

மகேஷ்: காபி கொடுங்கள், பெரியம்மா.

பெரியம்மா: தேயிலை பறிக்கிறவள் வீட்டில் காபித்தூள் எதற்கு இருக்கப்போகிறது? டீதான்.

மகேஷ்: பிறகு எதற்கு என்னைக் கேட்டீர்கள்?

பெரியம்மா: படம் எடுத்தவனிடம் இதே கேள்வியைக் கேட்டாயா?