பென் இன்றைய விதிப்படி தேறாது

யார்க்‌ஷயர் டெரியர் நாய் நான்கு கிலோவைத் தாண்டினால் போதும், "இது அசல் இல்லை, கலப்பு" என்று உதட்டைப் பிதுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. ஐயா, அப்படிப் பார்த்தால் அந்த இனத்தின் மூதாதையே கலப்புதான்!

1865-இல் இங்கிலாந்தில் பிறந்த 'ஹடர்ஸ்ஃபீல்டு பென்' என்ற நாயிலிருந்துதான் இந்த வம்சத்தைக் கணக்கிடுகிறார்கள். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் வளர்த்த நாய் அது. எடை, ஏறக்குறைய ஐந்து கிலோ. கண்காட்சியிலும் பரிசு வாங்கியது, எலி கொல்லும் போட்டியிலும் வாங்கியது. 1871-இல் வண்டியில் அடிபட்டுச் செத்தது. ஆலைத் தொழிலாளர்கள் எலி பிடிக்க வளர்த்த சாதி இது. யார் மடியிலும் உட்கார வந்ததில்லை.

பென்னின் வாரிசுகளில் சிறியவற்றுக்குத்தான் கிராக்கி. பணக்காரப் பெண்மணிகள் கையில் ஏந்திக்கொள்ளத் தோதான நாயாக அது மாறியது. எலி வளைக்குள் பாய்ந்த நாயின் முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, தரையைத் தொடும்வரை வளர்த்தார்கள். இனி அது எங்கே எலி பிடிக்கும்?

என் கோபம் விதிமுறை மீதுதான். நாய் இனங்களுக்கு இலக்கணம் வகுக்கும் பிரிட்டனின் கென்னல் கிளப், இந்த இனத்தின் எடை 3.2 கிலோ வரை என்கிறது. மேலே கூரை இருக்கிறது, கீழே தளம் இல்லை. ஒன்றரைக் கிலோவா? சரி. ஒரு கிலோவா? அதுவும் சரி. பிளாக்பர்னில் இருந்த ஒரு யார்க்‌ஷயர் டெரியர் வெறும் 113 கிராம் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. ஒரு வாழைப்பழத்தின் எடை! 1945-இல், இரண்டு வயது நிரம்புமுன் இறந்துபோனது.

சிறிய நாய் என்றாலே கேடு என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்ற இரண்டு கிலோகூட இல்லாத யார்க்‌ஷயர் டெரியர், பிலிப்பைன்ஸ் விமானத் தளத்தின் அடியில் 70 அடிக் குழாய்க்குள் தவழ்ந்து தொலைபேசிக் கம்பியை இழுத்துச் சென்றது. அந்த உடம்பால்தான் அது முடிந்தது.

ஆனால் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் குட்டி என்று 'டீகப்' எனப் பெயர் சூட்டி விற்பது வேறு கதை. அப்படி ஒரு வகையைக் கென்னல் கிளப் ஏற்றதே இல்லை. அந்தக் குட்டிக்கு ஒரு வேளை உணவு தவறினால் சர்க்கரை இறங்கி, நடுங்கி, மயங்கி விழும். முழங்கால் சில்லு நழுவும், மூச்சுக்குழாய் அமுங்கும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், குட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாயைத் தராசில் நிறுத்தியும் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.