கான்கிரீட் தரம் மட்டும் போதாது

“கான்கிரீட் தரமாக இருந்தால் எந்த நிலநடுக்கத்திலும் கட்டடம் நிற்கும்” என்று சொல்வது தவறு. இதை நம்பி எவரும் மண் பரிசோதனையைத் தவிர்த்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில், நீர் செறிந்த தளர்வான மணல் நிலநடுக்க அதிர்வில் குழம்பாகித் தாங்குதிறனை இழந்ததால், கவகிஷி-சோ அடுக்குமாடிக் குடியிருப்புகள் சட்டகம் பெரிதாகச் சிதையாமலேயே சாய்ந்தன. ஒன்று ஏறத்தாழப் படுத்தேவிட்டது.

மண் உறுதியாக உள்ள இடத்திலும் கலவையின் அழுத்த வலிமை மட்டும் காப்பாற்றாது. தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகள் நெருக்கமாக அமைந்து, அவற்றின் கொக்கி முனைகள் 135 பாகை வளைந்து உட்புறக் கான்கிரீட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும். 90 பாகையில் மடித்து நிறுத்தினால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்து, நெடுக்குக் கம்பிகள் பிதுங்கித் தூண் நொறுங்கிவிடும்.