பாயிண்ட் லிஸ்ட்ல இல்லாத மலைச்சரிவு

இருபது வருஷத்துக்கு மேல ஊட்டியில டாக்சி ஓட்டுறேன். போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, பைக்காரா... பாயிண்ட் கணக்குதான் நம்ம பொழப்பு. போன வாரம் மேட்டுப்பாளையத்துல ஏறின ஒரு தம்பி, பர்லியார் தாண்டியும் போன்ல இருந்து தலையத் தூக்கல. குன்னூர்ல திடீர்னு கேட்டாரு: "அண்ணே, திருநள்ளாறுக்கு மேல வந்தா சேட்டிலைட் மூணு செகண்ட் நின்னு போகுமாம், நாசாவே மிரண்டுட்டாங்களாம், தெரியுமா?"

சனீஸ்வரன் மேல எனக்கும் பயபக்தி உண்டு. அது வேற. ஆனா சேட்டிலைட் ஓடிக்கிட்டே இருக்கறதாலதான் விழாம இருக்கு. பிரேக் போட்டு நிக்க அது என்ன டாக்சியா?

மிரள்றதுக்கு நம்ம முத்தோரையிலேயே ஒண்ணு இருக்கு தம்பின்னேன். உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, அந்தப் பக்கம். மலைச்சரிவுல 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு இரும்புச் சட்டமும் கம்பியுமா படுத்துக் கிடக்கும். வேலின்னு நினைச்சுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலையைப் பிடிக்கிற ரேடியோ தொலைநோக்கி அது. 1970-ல இருந்து வானத்தைக் கேட்டுக்கிட்டிருக்கு.

அதை ஏன் சரிவுல கட்டினாங்கன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஒரு தடவை வண்டியில வந்த பிசிக்ஸ் வாத்தியார் ஒருத்தர் ஸ்டீயரிங்கைக் காட்டித்தான் புரிய வச்சாரு. ஸ்டீயரிங் ராடு சாஞ்சுதான் இருக்கு, ஆனா நாம அந்த ஒரே ராடைச் சுத்தித்தானே திருப்புறோம்? பூமியோட அச்சும் அப்படித்தான். ஊட்டி சுமார் 11 டிகிரி வட அட்சரேகையில இருக்கறதால, இங்க நின்னு பார்த்தா அந்த அச்சு வடக்கே 11 டிகிரி தூக்கலா இருக்கும். இதைக் கட்டின விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப், வடக்கே ஏறுற, அதே 11 டிகிரி சாய்வுள்ள ஒரு மலையைத் தேடி எடுத்தாரு. அதனால தொலைநோக்கியோட அச்சும் பூமியோட அச்சும் இணையா அமைஞ்சுடுச்சு. பூமி சுத்துறதுக்கு எதிரா ஒரே ஒரு திருப்பல் போதும். ஒரு நட்சத்திர மண்டலத்தை ஒன்பதரை மணி நேரம் விடாமப் பின்தொடரலாம்.

கண்ணாடி இல்லாம எப்படின்னு தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி. அது பிடிக்கிற அலையோட நீளம் கிட்டத்தட்ட 92 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு, நெருக்கமா கட்டின கம்பிகளே கண்ணாடி மாதிரிதான். ஆயிரத்துக்கு மேல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இருக்கு.

எல்லாம் சொல்லி முடிச்சதும் தம்பி கேட்டது: "இதை நாசா ஒத்துக்கிட்டாங்களாண்ணே?"

எனக்குக் கோவம் இதுலதான். வெளிய ஒருத்தன் மிரண்டாத்தான் நம்ம ஊர்ச் சரக்குக்கு மதிப்பா? பொய்யில ஏன், எப்படின்னு தோண்டினா ரெண்டாவது கேள்வியில அடி தட்டிடும். முத்தோரையில தோண்டத் தோண்ட வருது.

இன்னொண்ணும் இருக்கு. 2014 டிசம்பர் 1, ஊட்டியில இடி மழை. இங்கேயே இருக்கற கிரேப்ஸ்-3 கருவி, வானத்துல இருந்து ஓயாம விழற, மின்னேற்றம் உள்ள மியூவான்ங்கற நுண்துகளை எண்ணிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு மேகத்துல இருந்த மின்சாரத்தால அந்த எண்ணிக்கை குறைஞ்சுது. அதை வச்சு, மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்திருக்குன்னு கணக்குப் போட்டு, 2019-ல வெளியிட்டாங்க. அந்தச் சாயங்காலம் நான் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு, சவாரி கெட்டுப்போச்சேன்னு மேகத்தைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

முத்தோரையில நினைச்ச நேரம் உள்ள விட மாட்டாங்க. தூரத்துல இருந்து பார்க்கறதுன்னா, பனி விலகின ஜனவரி காலையில வாங்க. மத்த நாள்ல மூடுபனிதான் தெரியும்.