மாமாவின் முட்டியும் மச்சானின் 15 லட்சமும்

ஜனவரியில் ஒரு நாள் காலை, செந்தூலில் ரோட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். திருச்சியிலிருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். ஏழு நிமிடம்! சாரம் இவ்வளவுதான்: "எஸ்யூவி எடுக்கலாம்னு இருக்கேன் மச்சான். 15 லட்சம் வரைக்கும் போகலாம். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது. நீ என்ன சொல்ற?"

கோலாலம்பூரில் இருக்கிறவனிடம் இந்தியக் காடியை (காரை)ப் பற்றிக் கேட்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவன் காரணத்தோடுதான் கேட்கிறான். 2019இல் நான் ஏழு பேர் உட்காரும் காடி எடுத்துப் பட்ட கதை அவனுக்குத் தெரியும்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் காடி என்று கேட்காதீர்கள், காடி மேல் தப்பில்லை. வீட்டில் ஐந்து பேர். தீபாவளிக்கு ஈப்போ போகும்போது மாமியாரும் மச்சினியும் வருவார்களே என்று மூன்றாவது வரிசை உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். 90,000 வெள்ளி (ரிங்கிட்) கடன், ஒன்பது வருடம், 3 விழுக்காடு நிலை வட்டி. மாதம் 1,058 வெள்ளி. முதல் தீபாவளிக்கே குட்டு வெளிப்பட்டது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பின்னால் ஒரு முறுக்கு டின் வைக்கக்கூட இடமில்லை. மாமியார் குனிந்து உள்ளே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பின்னால் உட்கார்ந்த சின்னவன் தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் வாந்தி. அதற்கப்புறம் அந்த வரிசை மடித்தே கிடக்கிறது. வருடத்தில் இரண்டு நாளுக்காக 108 மாதம் கட்டுகிறேன்.

மச்சானுக்கு நான் முதலில் எழுதியது இதுதான்: "காடி பேரைச் சொல்லாதே. திங்கள்கிழமை காலையில் காடியில் யார் யார் இருப்பாங்க, எவ்வளவு தூரம் போவே, அதைச் சொல்லு."

சொன்னான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீஸ் 12 கிலோமீட்டர். வழியில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். மாதம் இரண்டு தடவை ஆலங்குடிப் பக்கம் சொந்த ஊருக்கு, போய் வர 150 கிலோமீட்டர். அப்போது மாமா (மச்சானின் அப்பா) முன் சீட்டில், தங்கச்சியும் பிள்ளைகளும் பின்னால். வருடத்துக்கு ஒரு தடவை கொல்லிமலை, அறப்பளீஸ்வரர் கோயில். மொத்தம் மாதம் 900 கிலோமீட்டர்.

இதை வைத்துக்கொண்டு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உதாரணத்துக்கு டீசல். ஊரில் எல்லாரும் "எஸ்யூவின்னா டீசல்தான்" என்கிறார்கள். மாதம் 900 கிலோமீட்டருக்கு பெட்ரோல் சுமார் 6,000 ரூபாய், டீசல் 4,400 வரும். மிச்சம் 1,600. டீசல் மாடலுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூடக் கொடுக்க வேண்டும், அந்தப் பணம் திரும்பி வரவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதோடு 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆக, மச்சானுக்கு டீசல் வேண்டாம். தினம் சென்னை போய் வருகிறவருக்கு வேறு கணக்கு.

இந்தியாவில் ஒரு வேடிக்கை உண்டு, இங்கே இருக்கிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். நாம் எஞ்சின் சிசியைப் பார்த்து ரோட்டேக்ஸ் கணக்குப் போடுகிறோம். இங்கே ஓடும் பெரோடுவா அத்திவா 998 சிசி, அதனால் வருடத்துக்கு 20 வெள்ளி. அங்கே வண்டியின் நீளத்தையும் அளக்கிறார்கள்! நாலு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியைத் தாண்டாமல், டீசல் 1500ஐத் தாண்டாமல் இருந்தால் அது 'சின்ன கார்'. டாடா நெக்ஸான் 3,995 மில்லிமீட்டர் நீளத்தோடு நிற்பது அதனால்தான். நம்ம அத்திவா 4,065. அங்கே போனால் பெரிய காடி ஆகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, மற்றதற்கு 40. இதில் பலர் ஏமாறும் இடம் மாருதி பிரெஸ்ஸா. நீளம் நாலு மீட்டருக்குள்தான், ஆனால் எஞ்சின் 1462 சிசி, ஆகவே 40. நல்ல வண்டிதான், வரியில் மட்டும் அது ஹூண்டாய் கிரெட்டா மாதிரிப் பெரிய வண்டிகள் இருக்கும் பக்கம் நிற்கிறது.

இது போதாது என்று தமிழ்நாட்டுச் சாலை வரி வேறு. அங்கே ஆயுள் வரி, ஒரே தடவை கட்டுவது. 5 முதல் 10 லட்சம் வரை 13 விழுக்காடு, 10 லட்சத்தைத் தாண்டினால் 18. ஷோரூம் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1.29 லட்சம், 10.10 லட்சம் என்றால் 1.82 லட்சம். இருபதாயிரம் ரூபாய் அலாய் வீலுக்கு ஆசைப்பட்டு ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட வரி கட்ட வேண்டிவரும். மேலே மூன்று வருட மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அதனால் மச்சானிடம் சொன்னேன், 15 என்பது சாலைக்கு வந்து சேரும் விலை. ஷோரூம் விலையில் 12.5ஐத் தாண்டாதே.

கேட்பானா? "இன்னும் ரெண்டு போட்டா கிரெட்டா வந்துடும் மச்சான்" என்றான். இந்த 'இன்னும் ரெண்டு' இருக்கிறதே, எனக்கு நன்றாகப் பழக்கமான பேய். இங்கே அது "மாசம் எண்பது வெள்ளிதானே கூட" என்று பேசும்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத் திருச்சி போனேன். போனதும் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். மாமாவுக்கு 72 வயது, வலது முட்டி தேய்மானம். மச்சானுக்கு இதில் விருப்பமே இல்லை, "அப்பாவை எதுக்கு அலைய விடணும்" என்றான். அத்தைதான் "அவரும் வரட்டும்டா" என்று வேட்டியை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் பார்த்தது மச்சான் மனசுக்குப் பிடித்த உயரமான வண்டி. லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடம்பை வைத்துக் கட்டியது, பார்க்கவே கம்பீரம். மாமா வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் மேலே இருந்த பிடியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்தார். முட்டி நிமிரவில்லை. காலை இறக்கிவிட்டு இடது காலை வைத்தார். அப்போதும் உடம்பைத் தூக்க முடியவில்லை. விற்பனைப் பையன் "சைடு ஸ்டெப் போட்டுக்கலாம் சார், ஆக்சஸரிஸ்ல இருக்கு" என்றான். மாமா ஒன்றும் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது கடையில் நாலு மீட்டருக்கு உட்பட்ட வண்டி ஒன்று. மாமா கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி அப்படியே உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். ஏறவும் இல்லை, குனியவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து, "இதுல ஏசி நல்லா வருமா தம்பி?" என்று கேட்டார். முந்திய இரண்டு கடைகளில் அவர் எதையுமே கேட்கவில்லை.

மச்சான் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவன் உயரமான வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

முட்டி வலிக்காரர்களுக்குத் தாழ்ந்த செடானும் தொல்லை, எழுந்திருக்க முடியாது. ரொம்ப உயரமும் தொல்லை. நடுவில் நாற்காலி உயரத்தில் சீட் இருக்கும் வண்டிதான் தோது. இந்த ஒரு விஷயம் எந்த விளம்பரத் தாளிலும் கிடையாது. வீட்டுப் பெரியவரை உட்கார வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளைகள் சன்ரூஃப் கேட்டார்கள். திருச்சி வெயிலில் கூரையைத் திறந்து எதைப் பார்க்கப் போகிறார்கள்? தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். அந்தக் காசுக்குப் பின் சீட்டு ஏசி துவாரம் இருக்கும் மாடலைப் பார் என்றேன். பெரியவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். மோதல் சோதனை நட்சத்திரம். 2018இல் நெக்ஸான் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் அங்கே சாதாரண ஜனங்களும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று அவர்களுக்கே சொந்தச் சோதனை இருக்கிறது. ஆனால் பின் சீட்டில் பெல்ட் போடச் சொன்னால் சிரிக்கிறார்கள். இங்கே 2009இலிருந்து அது கட்டாயம், நமக்கும் ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்போது இரண்டு வண்டி மிச்சம் நிற்கிறது: நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ. நெக்ஸானில் டர்போ எஞ்சின்தான், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளி இழுவையைக் கூட்டுவது. வென்யூவில் சாதா 1.2, ஒரு லிட்டர் டர்போ, இரண்டும் உண்டு. சாதா எஞ்சின் விலை குறைவு, ஊருக்குள் தாராளமாகப் போதும். ஆனால் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், ஏசி. அங்கே மூச்சு வாங்கும் என்பது என் பயம். வருடத்தில் இரண்டு நாளுக்காக மூன்றாவது வரிசை வாங்கிய நானே, வருடத்தில் ஒரு நாளுக்காக டர்போ வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

சாதா 1.2ஐ ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலை ஏற்றியவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டப் போகிறான்.