மொச்சையை வேகவெச்சுத் தின்னுங்கன்னு சொன்னது ஒரு குத்தமா?

காய்ஞ்ச மொச்சையை வேகவெக்காம முளைகட்டி சாலட்டா தின்னுங்கன்னு ஒரு வீடியோ. அதுல ஒரு கமெண்ட் போட்டதோட சரி, மேல வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து என் கமெண்டுக்குக் கீழே ஒரு தம்பி, "வெள்ளைக்காரன் சொன்னா நம்புவீங்க, பாட்டி சொன்னா நம்ப மாட்டீங்க"ன்னு எழுத, அதுக்கு அத்தனை லைக்.

மொச்சை காய்க்கிற அவரைக்கொடியே விஷம், பிடுங்கி எறிங்கன்னு நான் எங்கேயும் சொல்லலை. அமெரிக்காவுல ஊதாப் பூவுக்கும் பளபளக்கிற காய்க்கும்தான் இதை வளர்க்கிறாங்க. அந்த ஊரு அதிபரா இருந்த ஜெஃபர்சனோட மாண்டிசெல்லோ வீட்டுத் தோட்டத்துல பந்தலே போட்டிருக்காங்க. அங்கே விஷக்கொடின்னு எச்சரிக்கிறதைப் படிச்சுட்டு மாடித்தோட்டத்துக்காரங்க அலற வேண்டாம். பிஞ்சு அவரைக்காயைப் பொரியல் பண்ணித் தாராளமா சாப்பிடுங்க.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. காய்ஞ்ச மொச்சையை வேகவெக்காம தின்னாதீங்க. அதுல சயனைடு வெளிவிடுற பொருள் இருக்கு, வயித்தைக் கெடுக்கிற லெக்டின்ங்கிற புரதமும் இருக்கு. ஊறவெச்ச தண்ணியைக் கொட்டி, வேற தண்ணியில நல்லா கொதிக்கவிட்டு, அதையும் வடிக்கணும். வெறுமனே முளைகட்டினா போதாது.

"எங்க பாட்டி காலங்காலமா தின்னாங்க." வேகவெக்காமலா தின்னாங்க? எங்க அப்பாயி ராத்திரியே மொச்சையை ஊறப் போட்டுடும். காலையில திண்ணையில உக்காந்து ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு ஒரு அழுத்து. தோலு கையில நிக்கும், பருப்பு குண்டான்ல போய் விழும். ஊறின தண்ணியை மாட்டுத் தொட்டியில கூட ஊத்த விடாது. அந்தப் பிதுக்குப் பருப்புக் குழம்பு... சரி விடுங்க, கோபத்துல இருக்கேன்.

"வேகவெச்சா புரோட்டீன் போயிடும்" கோஷ்டிக்கு: 2006-ல ஜப்பான்ல டிவி சொல்லுச்சுன்னு வெள்ளை பீன்ஸை மூணு நிமிஷம் வறுத்துப் பொடி பண்ணிச் சோத்துல தூவினாங்க. வாந்தி, பேதின்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. அது வேற பீன்ஸாம். ஆமாங்க, வேறதான். அதையும் வேகவெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.

"நான் தின்னேன், ஒண்ணும் ஆகலை." சந்தோஷம்.

நீ என்ன டாக்டரான்னும் கேட்டாச்சு. வீடியோ போட்டவரை யாரும் கேக்கலை, கவனிச்சீங்களா? பாட்டி வைத்தியம், பாட்டி சமையல்னு மார்தட்டுற ஒருத்தராவது அந்தப் பாட்டிகிட்ட ஏன் தண்ணியைக் கொட்டுறேன்னு கேட்டிருப்பீங்களா? அடுப்படியில நின்னவ சொன்னா அடிமைப் புத்தி, ரிங்லைட்டு முன்னாடி நின்னவர் சொன்னா பாரம்பரியம்.

இதுல கூத்து என்னன்னா, பொதுவுல என்னைத் திட்டின அண்ணன் ஒருத்தர் இன்பாக்ஸுக்கு வந்து, "மொச்சைக்கு எத்தனை விசில் விடணும்?"னு கேக்குறார். அங்கேயே வந்து கேளுங்கண்ணே, சொல்றேன்.