ஆறு லிட்டர் பஞ்சகவ்யா

(ஒரத்தநாடு பக்கம் ஒரு வயல். ஆடி மாதம், காலை ஆறரை மணி. நாற்பது நாள் குறுவை நெற்பயிர், அதில் இலைச்சுருட்டுப் புழு. மகளிர் குழுவின் ட்ரோன் பைலட் மலர்க்கொடி லோடு ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறாள். தங்கராசு கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் குடத்தோடு வருகிறார்.)

தங்கராசு: வா ஆயி. மிஷினு வந்துருச்சுல்ல? நான் போயி திண்ணையில சாஞ்சுக்கிறேன். அது பாட்டுக்கு அடிச்சு முடிக்கட்டும்.

மலர்க்கொடி: எங்க கிளம்பிட்டீங்க பெரியப்பா? வயலை ஒரு சுத்து நடந்து மூலைக்கு மூலை காட்டுங்க, ரிமோட்ல பதியணும். மோட்டார் கொட்டாய்க்குப் போற கரண்டு கம்பி எங்க தொங்குதுன்னும் காட்டணும்.

தங்கராசு: அதான் சாட்டிலைட்டு மேலேர்ந்து பாக்குதாமே?

மலர்க்கொடி: அது பாக்குது. ஆனா கிழக்கு வரப்பு எதுன்னு நீங்களும் உங்க சம்பந்தியும் இன்னும் பேசி முடிக்கலையே. நீங்க நடக்குற கோட்டைத்தான் அது வரப்புன்னு எடுத்துக்கும்.

தங்கராசு: அப்படியா! அப்ப இன்னும் ரெண்டடி தள்ளி நடக்கட்டுமா?

மலர்க்கொடி: நடங்க. அவர் வயலுக்கும் சேத்து மருந்துச் செலவு உங்களுது.

தங்கராசு: (சட்டென்று வரப்புக்குத் திரும்பி) வேணாம் வேணாம். அது கெடக்கட்டும், இந்தா இதையும் ஊத்திக்க. பஞ்சகவ்யா. நானே போட்டது. சாணி, கோமியம், பால், தயிர், நெய்யி, வாழைப்பழம், இளநீ, வெல்லம், ஒண்ணு விடலை.

மலர்க்கொடி: (குடத்தை எட்டிப் பார்த்து) இதுல வாழைப்பழத் தோலு மிதக்குதே.

தங்கராசு: சத்தே தோல்லதான்.

மலர்க்கொடி: எவ்வளவு இருக்கு?

தங்கராசு: ஆறு லிட்டரு. ஏக்கருக்கு அதான் கணக்கு. நூறு லிட்டர் தண்ணிக்கு மூணு லிட்டர். ஏக்கருக்கு எரநூறு லிட்டர் பிடிக்கும், அப்ப ஆறு.

மலர்க்கொடி: கணக்கு சரிதான். கைத்தெளிப்பான்ல 16 லிட்டர் டேங்க் பன்னெண்டு அடிச்சா கிட்டத்தட்ட எரநூறு. ஆனா ட்ரோன் தொட்டியே பத்து லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு தொட்டி, அவ்வளவுதான். உங்க ஆறு லிட்டரை ஊத்தினா தண்ணிக்கு நாலு லிட்டர்தான் இடம். நாசில் ஓட்டை ஊசிமுனை அளவு. மேல போய் பத்தாவது செகண்டு அடைச்சுக்கும்.

தங்கராசு: சரி, கொஞ்சமா ஊத்து. நூத்துக்கு மூணு, பத்துக்கு முந்நூறு மில்லி.

மலர்க்கொடி: ஒரு ஏக்கருக்கு முந்நூறு மில்லியா? கோயில்ல தீர்த்தம் தெளிச்ச மாதிரி இருக்கும். பயிரு கும்பிட்டுட்டு நிக்கும். இதை வடிகட்டி நீங்க கையாலயே அடிங்க.

தங்கராசு: அப்ப மருந்து மட்டும் பத்து லிட்டர்ல எப்படிப் பத்தும்?

மலர்க்கொடி: மருந்து அளவு ஏக்கருக்குத்தான், தண்ணிக்கு இல்லை. இந்தக் குளோரான்ட்ரனிலிப்ரோல் ஏக்கருக்கு 60 மில்லி. எரநூறு லிட்டர்ல கலந்தாலும் அறுபது, பத்து லிட்டர்ல கலந்தாலும் அறுபது.

தங்கராசு: என்ன... குளோரா... என்னது?

மலர்க்கொடி: அறுபது மில்லி. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. தண்ணி கொறைஞ்சதால கரைசல் இருபது மடங்கு காட்டமா இருக்கும். கையுறை இல்லாம தொடாதீங்க. பறக்கும்போது காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் நில்லுங்க, எதிர்ல நிக்காதீங்க.

(தொட்டியில் பாதி தண்ணீர் ஊற்றிவிட்டு, தனி வாளியில் கரைத்த மருந்தைச் சேர்த்து, மீதித் தண்ணீரை நிரப்புகிறாள். ஒரு சின்னக் கருவியை இன்னொரு வாளியில் இருக்கும் வெறும் தண்ணீரில் முக்குகிறாள்.)

தங்கராசு: தண்ணிக்குக் காய்ச்சலா?

மலர்க்கொடி: பிஎச் மீட்டர். தண்ணி புளிப்பா காரமான்னு சொல்லும். போர் தண்ணி 8.3, காரம்னு காட்டுது. இந்த மருந்துக்கு ஒண்ணும் ஆகாது. சில மருந்து காரத்தண்ணியில சீக்கிரம் வீரியம் போயிரும்.

தங்கராசு: எலுமிச்சம்பழம் பிழிஞ்சா?

மலர்க்கொடி: அதைத்தான் சிட்ரிக் ஆசிட்னு பாக்கெட்ல கொண்டாந்திருக்கேன்.

தங்கராசு: (பெருமையாக) பாத்தியா! நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கு அப்பவே ட்ரோன் தெரிஞ்சிருக்கு.

(மலர்க்கொடி காற்றளக்கும் கருவியை உயர்த்திப் பிடிக்கிறாள்.)

மலர்க்கொடி: ரெண்டு மீட்டர். பரவாயில்லை. செகண்டுக்கு மூணு மீட்டரைத் தாண்டினா இறக்கிடுவேன். எட்டரை ஒம்பதுக்கெல்லாம் மேல்காத்து கிளம்பிரும்.

தங்கராசு: என்னத்துக்கு இறக்கணும்? ராட்சச மிஷினுங்கிற, காத்துக்குப் பயப்படுது.

மலர்க்கொடி: ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க? மிஷின் காத்தைத் தாங்கி நின்னுடும், மருந்துதான் நிக்காது. துளி அவ்வளவு பொடிசு. மேக்கேர்ந்து அடிச்சா கிழக்க போகும். கிழக்க என்ன இருக்கு?

தங்கராசு: சம்பந்தியோட மீன்குட்டை.

மலர்க்கொடி: இந்த மருந்து தண்ணிக்குள்ள இருக்குற சின்னப் பூச்சியை, இறாலையெல்லாம் கொன்னுடும். மீனுக்குத் தீனி போச்சு.

தங்கராசு: (குரலைத் தாழ்த்தி) போனவாரம் கல்யாணச் சீர் விசயத்துல அவருக்கும் நமக்கும் ஒரு பேச்சு வார்த்தை... இருந்தாலும் வேணாம் ஆயி. இறக்கிடு.

மலர்க்கொடி: அதனால கிழக்கு ஓரம் பத்து மீட்டரை விட்டுட்டு அடிப்பேன். பயிருக்கு மேல ரெண்டு மீட்டர் உயரம். அதுக்குக் கீழ இறக்கினா இறக்கைக் காத்துல பயிரு சாயும். மேல ஏத்தினா மருந்து காத்தோட போயிரும்.

தங்கராசு: நடுவுல பேட்டரி தீந்து போனா?

மலர்க்கொடி: கொறைஞ்சதுமே கிளம்பின இடத்துக்கு அதுவே திரும்பி வரும். எந்த உயரத்துல திரும்பணும்னு நாமதான் சொல்லி வைக்கணும். உங்க தென்னை அறுபது அடி. பதினஞ்சு மீட்டர்னு விட்டா நேரா குருத்துல போய் உக்காரும். இருபத்தஞ்சு வச்சிருக்கேன்.

தங்கராசு: பொழைச்சேன். மரமேறக் கூப்பிட்டா ஒரு மரத்துக்கு என்ன கேக்குறான் தெரியுமா?

(ட்ரோன் எழும்புகிறது. எட்டு நிமிடத்தில் ஒரு ஏக்கர் முடிகிறது. தங்கராசு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். ட்ரோன் இறங்குகிறது.)

தங்கராசு: முடிஞ்சுதா? வெத்தலை கூட இன்னும் மெல்லலை.

மலர்க்கொடி: அடுத்த ஏக்கருக்கு வேற பேட்டரி. இறக்கின பேட்டரி தொட்டா சுடும். ஆறாம சார்ஜ் போட்டா உப்பிக்கும். அதான் அஞ்சு செட் வச்சிருக்கோம், ஒரு நாளைக்கு இருபது ஏக்கர் வரைக்கும் பாக்கலாம்.

தங்கராசு: மிஷினு ஓசியில குடுத்தாங்களாமே?

மலர்க்கொடி: ஓசியா! நமோ ட்ரோன் தீதின்னு மகளிர் குழுவுக்கு மத்திய அரசு 2023ல அறிவிச்ச திட்டம். விலையில நூத்துக்கு எம்பது மானியம், எட்டு லட்சம் வரைக்கும். மிச்சம் குழுவோட கடன். பதினஞ்சு நாள் பயிற்சி, அப்புறம் பைலட் சான்றிதழ்.

தங்கராசு: அதை வச்சுக்கிட்டு தஞ்சாவூர் போயிட்டு வா ஆயி. ஏர்போர்ஸ் பக்கத்துல என் மருமகன் வயலு இருக்கு.

மலர்க்கொடி: அங்க சுகோய் விமானம் ஏறி இறங்குற இடம் பெரியப்பா. மேப்புல சிவப்பு. அனுமதி இல்லாம ட்ரோனை எழுப்பினா மருமகனுக்கு மருந்து அடிக்கிறதுக்குள்ள எனக்குக் கேஸ் போட்டுடுவாங்க.

தங்கராசு: சரி, இன்னும் பத்து வருசத்துல என்னதான் ஆகும்?

மலர்க்கொடி: வயல் ஓரத்துல ஒரு பெட்டி இருக்கும். அதுவே திறக்கும், ட்ரோன் எழும்பும், முதல்ல கேமராவால பாக்கும், புழு இருக்குற திட்டுல மட்டும் அடிச்சுட்டு வந்து அதுவே சார்ஜ் ஏத்திக்கும். இப்ப கண்ணுக்கு எட்டுற தூரத்துல வச்சுத்தான் ஓட்டணும்னு விதி. அது தளர்ந்தா நான் வீட்டுல உக்காந்து பத்து ட்ரோனைப் பாப்பேன்.

தங்கராசு: அப்ப நான் திண்ணைக்குப் போகலாம்!

மலர்க்கொடி: நாசில் அடைச்சா யாரு கழுவுறது? தொட்டிக்குத் தண்ணி யாரு ஊத்துறது? போன் அடிப்பேன், எந்திரிச்சு வந்துடுங்க.

தங்கராசு: இதுக்கு இந்தக் காலமே தேவலை. சரி, இதை முடிச்சுட்டு மேலப்பங்குக்கு வா. அங்க எழுபது நாள் பயிரு, புகையான் பூச்சி விழுந்திருக்கு. வட்ட வட்டமா காயுது.

மலர்க்கொடி: அதுக்கு இது உதவாது பெரியப்பா.

தங்கராசு: என்னது?

மலர்க்கொடி: புகையான் எங்க உக்காந்திருக்கும்? பயிரோட அடியில, தூர்ல, தண்ணிக்கு ஒட்டி. நாம மேலேர்ந்து பத்து லிட்டரைப் பொழிஞ்சா இலையில நிக்கும், தூருக்கு இறங்காது. முதல்ல தண்ணியை வடிங்க. நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி, பட்டம்னு விட்டிருந்தா உள்ள போய், நாசிலைத் தூரைப் பாத்துப் பிடிச்சு அடிக்கலாம். கைத்தெளிப்பான்தான்.

தங்கராசு: (தலையில் கை வைத்து) கெட்டுது போ. நேத்துதான் கைத்தெளிப்பான்ல மருந்தடிக்கிற மாரிமுத்துகிட்ட, "இனிமே ட்ரோன் வந்துருச்சுடா, உன் டப்பாவைப் பரண்ல போடு"ன்னு சொல்லிட்டேன்.

மலர்க்கொடி: தெரியும். நேத்தே எங்க குழுவுல வேலைக்குச் சேந்துட்டாரு. அதோ ஆட்டோவுக்குப் பின்னாடி பேட்டரியை ஆற வச்சுக்கிட்டு இருக்காரே.

தங்கராசு: மாரிமுத்தா! தம்பி! மேலப்பங்குக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போய்யா!

மலர்க்கொடி: அவரைக் கூப்பிட்டா வரமாட்டாரு பெரியப்பா. என்கிட்ட புக்கிங் போடணும். வியாழக்கிழமை வரைக்கும் தேதி இல்லை.