கைதட்டினால் மூவெட் பேண்ட் ஏறாது

நம் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ஒரு பேச்சாளர் வந்து பட்டறை நடத்தினாரே, அந்தக் கூட்டத்தின் காணொளியை ஆளாளுக்குப் பகிர்ந்து முடித்துவிட்டீர்கள், அதனால் நடந்தது முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையே கிடையாது" என்று ஒலிவாங்கியில் முழங்கினாரே, அதுதான் இன்னும் காதில் குத்துகிறது. தோட்டங்கள் சூழ்ந்த நம் சுங்கை சிப்புட்டுக்கே வந்து நின்றுகொண்டு!

ஐயா, மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு; அதில் எடுக்கும் தர நிலைதான் பேண்ட்) எழுதப் போகிற பிள்ளை "நான் புலி" என்று கத்தினால் தைரியம் வராது. தேர்வில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால் வரும். 2021-இல் தேர்வு முறையே மாறிவிட்டது. அதற்கு முன்பு வாசிப்புக்கு 40 விழுக்காடு, பேச்சுக்கு வெறும் 15. இப்போது கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து எல்லாவற்றுக்கும் தலா 25. அண்ணன் அக்கா விட்டுப்போன பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பையே பிடித்துத் தொங்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவ்வளவு நேரம் பேசியவர் இதைப் பற்றி ஒரு வரி சொன்னாரா?

மேடைக்குக் கூப்பிட்டதும் ஒரு பெண் தயங்கினாளே, "பார்த்தீர்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாரே, அவள் என் அக்கா மகள். பேச்சுத் தேர்வில் இரண்டு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்பதற்காகக் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, சமையற்கட்டில் நின்று தினமும் தனக்குத்தானே பேசுகிறவள். அதே தேர்வில் வரும் குழு உரையாடலைப் பழக ஆள் கிடைக்காமல் நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்தோம். என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு! அது தன்னம்பிக்கை இல்லாமல் வேறு என்ன?

"இலவசமாக வந்தவரைக் குறை சொல்லலாமா?" என்பீர்கள். சரி, பணம் வாங்கவில்லை. மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டார். "ஒரு பிள்ளையாவது மாறியிருக்குமே?" மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாளே, அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அவரை மட்டும் சொல்லி என்ன. ஒட்டுக்கடையில் ஒரு பெண் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் "வெள்ளைக்காரி வந்துட்டாடா" என்று கிண்டலடிப்பது யார்? ஈப்போவிலிருந்து ஆள் வந்தா அடிக்கிறான்? நாம்தான். அப்புறம் பிள்ளைகளுக்குத் தைரியம் போதவில்லை என்று பட்டறை போடுவதும் நாம்தான்.

கோயில் நிர்வாகத்தினரே, சனிக்கிழமை மாலையில் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு காற்றாடி, நாலு நாற்காலி, குழுவாக உட்கார்ந்து பேசிப் பழக அது போதும். பேனர் வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம்.